ஆல்பம் பாட்டுக்கு இடம், பொருள், உடை: கரண்ட் இல்லாத ராத்திரியை எப்படிக் காட்டுவது?

1. புலியூர் விஸ்காம்

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டருக்கு ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஆல்பம் பாட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். மூன்றரை நிமிடம். பாட்டு எங்களுடையதுதான். மெட்டுப் போட்டவனே பாடியும் இருக்கிறான், வரிகளை நானும் ஒரு தோழியும் எழுதினோம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது எங்களுக்கெல்லாம் ஐந்து வயதுதான் இருக்கும். கரண்ட் திரும்பி வரப் பல நாள் ஆனது. எதிரெதிர் மாடியில் இரண்டு பிள்ளைகள் டார்ச் அடித்துப் பேசிக்கொள்கிறார்கள். மூன்று முறை விட்டுவிட்டு அடித்தால் "தூங்கலையா?", ஒரு முறை நீளமாக அடித்தால் "தூங்கப் போறேன்". பிறகு எதிர்வீடு காலியாகிவிடுகிறது. வளர்ந்த பெண் அந்த மாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பாட்டு. தாளம் துள்ளலாக இருக்கும், ஒப்பாரி இல்லை.

இப்போதைய திட்டம்: பல்லவிக்கு புதுச்சேரி ஒயிட் டவுன் மஞ்சள் சுவர்கள். முதல் சரணத்துக்கு பாரடைஸ் பீச். இரண்டாவது சரணத்துக்கு உடைந்த மரம், தகரம், ஓலையெல்லாம் போட்டு ஒரு புயல் செட், அதற்குள் நடனம். நடுவில் ரயில்வே பிளாட்பாரம், பிச்சாவரம், கடைசியில் கடற்கரைச் சாலை. நாலு உடை மாற்றம். கறுப்பு லெதர் ஜாக்கெட் வாடகைக்கு எடுக்கலாம் என்று ஒரு பேச்சு. சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் யூனிஃபார்ம். கையில் இருப்பது 12,000 ரூபாய். பொங்கல் முடிந்து ஜனவரி கடைசி வாரத்தில் இரண்டு நாள் ஷூட்டிங்.

இடம், கையில் இருக்க வேண்டிய பொருள், துணி மூன்றையும் இந்த மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் மனம் விட்டுச் சொல்லுங்கள்.

2. மூன்றாம் ஆண்டு

தங்கச்சி, நாங்கள் போன வருடம் அதே ஒயிட் டவுனில்தான் எடுத்தோம். நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போய் இறங்கினோம். எந்த மஞ்சள் சுவரைப் பார்த்தாலும் முன்னால் யாராவது நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். காத்திருந்து ஒரு சுவரைப் பிடித்து ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டதும் பக்கத்துக் கதவு திறந்தது. ஒரு வயதான அம்மா வந்து, "உள்ளே உடம்பு முடியாதவர் படுத்திருக்கிறார், தினமும் என் வாசலில் இதுதான் நடக்கிறது" என்றார். எங்களுக்குப் பேச்சே வரவில்லை. கையில் அனுமதிக் கடிதமும் கிடையாது. மூட்டை கட்டினோம்.

அங்கேதான் வேண்டும் என்றால் கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதி முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள், அந்த விடியற்காலைதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். ட்ரோனை மறந்துவிடுங்கள். விமான நிலையம் லாஸ்பேட்டையிலேயே இருக்கிறது, நகரத்துக்கு மேலே அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. ரயில்வே பிளாட்பாரத்துக்கு ரயில்வேயிடமும் பிச்சாவரத்துக்கு வனத்துறையிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இதெல்லாம் ஒரு மாதத்தில் நடக்கிற காரியமா என்று பாருங்கள்.

வாடகை ஜாக்கெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கோட் எடுத்தோம். எல்லாமே பெரிய சைஸ். முதுகுப் பக்கம் பிடித்து ஊக்கு குத்தினோம். விளைவு, ஆடுகிற நாலு பேரும் பாட்டு முழுக்கத் திரும்பவே முடியவில்லை. மாஸ்டர் சொல்லிக்கொடுத்த சுழற்சியெல்லாம் வெட்டிப் போட்டோம். இன்றைக்கும் அந்த வீடியோவைப் பார்த்தால் எனக்கு அந்த ஊக்குகள்தான் தெரிகின்றன.

3. ஆர்ட் உதவி

சென்னையில் பத்து வருடத்துக்கு மேல் கலை இயக்கப் பிரிவில் உதவியாளனாக இருந்துவிட்டு இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன்.

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பாட்டு எங்கே நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: எதிரெதிர் இரண்டு மாடி. திட்டத்தில் ஆறு இடம் இருக்கிறது, மாடி மட்டும் இல்லை!

ஒரு வேலை செய்யுங்கள். வரிகளை இடைவெளி விட்டு பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுங்கள். ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் மூன்று விஷயம் எழுதுங்கள். எங்கே நிற்கிறாள், கையில் என்ன இருக்கிறது, உடம்பில் என்ன துணி. வரியைப் படித்ததும் பதில் தானாக வந்தால் எழுதுங்கள், வராவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கடைசியில் மஞ்சள் சுவர் எத்தனை கட்டத்தில் வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இதைச் செய்யாமல் இடம் தேடப் போனால் இடம்தான் பாட்டை இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு கணக்கும் இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டருக்கு மேல். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற, சாமான் ஏற்றி இறக்கி, முகம் துடைத்து, மறுபடி கேமரா வைக்க இரண்டு மணி நேரம் போய்விடும். இரண்டு நாளில் ஆறு இடம் என்றால் பாதி நாள் வண்டியில்தான் இருப்பீர்கள். மூன்றரை நிமிடப் பாட்டுக்கு இரண்டு இடம் போதும். மூன்று இருந்தால் தாராளம்.

4. பாடகன்

நான்தான் இந்தப் பாட்டைப் பாடியவன். அண்ணன் சொல்வது புரிகிறது. ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. இது பாப் பாட்டு, ஆளை எழுந்து ஆட வைக்கிற தாளம். மூன்றரை நிமிடமும் இருட்டு மாடியைக் காட்டினால் பஸ்ஸில் போனில் பார்க்கிறவருக்குக் கறுப்பாக ஒரு கட்டம்தான் தெரியும். மஞ்சள் சுவரை அழகுக்காக மட்டும் நான் கேட்கவில்லை. பல்லவி வரும்போது கண்ணுக்கு நிறம் வேண்டும், வெளிச்சம் வேண்டும். காதில் ஏறுவது கண்ணிலும் ஏற வேண்டும்.

5. ஆர்ட் உதவி

தம்பி சொல்வது நியாயம். மறுக்கவே மாட்டேன். மஞ்சள் சுவரும் லேசான இடம் இல்லை. நம் ஊர் மாநிறத்துக்கு அந்தக் கடுகு மஞ்சள் அருமையான பின்னணி, அடர் நீலமோ கிளிப் பச்சையோ போட்டு நிறுத்தினால் ஆள் தனியாக எழுந்து வருவார். இந்தப் பாட்டுக்கு அது சொந்த இடம் இல்லை, அவ்வளவுதான்.

இருட்டைப் பற்றி. ராத்திரிக் காட்சியை ராத்திரியில் எடுக்காதீர்கள். சூரியன் மறைந்த பிறகு வானம் முழுக்க நீலமாக ஒரு இருபது நிமிடம் நிற்கும். ஜனவரி கடைசியில் ஏறக்குறைய ஆறேகாலிலிருந்து. அந்த நீலத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றினால் முகம் ஆரஞ்சாகவும் வானம் நீலமாகவும் வரும். பார்ப்பவருக்கு அது ராத்திரிதான். தம்பி கேட்கிற நிறமும் அதிலேயே இருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்றால் இரண்டு நாளில் நாற்பது நிமிடம். அதற்காகப் பகல் முழுக்க ஒத்திகை பாருங்கள்.

மெழுகுவத்தி வெளிச்சம் மட்டும் கேமராவுக்குப் போதாது, படம் பொரிப் பொரியாக வரும். முன்னால் நிஜச் சுடர் இருக்கட்டும். கைப்பிடிச் சுவருக்குக் கீழே, கேமரா கண்ணுக்குப் படாமல், மஞ்சள் எல்.இ.டி. பல்பு ஒன்றை பட்டர் பேப்பர் சுற்றி வையுங்கள். மலிவான பல்புகள் வீடியோவில் படபடக்கும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50-லோ 1/100-லோ வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்னொன்று, நீங்கள் காட்டப்போவது ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்த ராத்திரி. இப்போது மாடியில் நின்று பார்த்தால் தெருவிளக்கு, செல்போன் டவர், ஏசி பெட்டி எல்லாம் தெரியும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து மேல்நோக்கிப் பாருங்கள். கைப்பிடிச் சுவரே தெருவை மறைத்துவிடும். சுற்றி இருக்கிற நாலு வீட்டில் போய், இருபது நிமிடம் மாடி விளக்கை அணைத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நேரில் போய்க் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள்.

வீட்டுக்குள் 2011 தெரிய வேண்டும் என்றால் செட் போட வேண்டாம், மூன்று பொருள் போதும். தலையில் டார்ச் வைத்த பட்டன் போன், பூ வேலைப்பாட்டுத் துணி போர்த்திய பெரிய டப்பா டி.வி., சுவரில் தினசரி காலண்டர். காலண்டர் தாள் 30-ஆம் தேதியோடு கிழிபடாமல் நிற்கட்டும். நீங்களே பிரிண்ட் போடுவதானால் கிழமையைச் சரியாகப் போடுங்கள், அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மார்கழித் தேதியைப் பழைய பஞ்சாங்கம் பார்த்துப் போடுங்கள். கேமரா அதில் இரண்டு விநாடிதான் நிற்கும். ஆனால் அதைப் பார்த்த நடிகருக்கு உடம்பு மாறும், நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

6. தையல் அக்கா

மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளி ஆண்டு விழாக்களுக்கு வருடா வருடம் உடை தைக்கிறேன். துணியைப் பற்றி நான் சொல்கிறேன், கண்ணு.

முதலில் யூனிஃபார்மை எடுத்துவிடு. டிசம்பர் 30 அரைப் பரீட்சை லீவு. எந்தப் பிள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு மாடியில் நிற்கும்? மார்கழிக் குளிர் வேறு. பையனுக்கு மங்கிக் குல்லா, அரை டிராயர், அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டை. பெண் பிள்ளைக்கு கவுனுக்கு மேலே கை நீளம் போதாத ஸ்வெட்டர். அம்மாவுக்கு நைட்டி, தோளில் ஒரு துண்டு. தாத்தாவுக்குக் குறிஞ்சிப்பாடிக் கைலி, பெரிய கட்டம் போட்டது. வீட்டில் மனிதர்கள் இப்படித்தான் இருந்தார்கள், இப்படித்தான் இருக்கிறார்கள்.

நிறத்துக்கு வருகிறேன். நீல வெளிச்சத்தில் சிவப்பு கறுத்துப் போகும், அரக்கு இன்னும் மோசம். கறுப்பு ஜாக்கெட் போட்டால் கழுத்துக்கு மேலே தலை மட்டும் மிதக்கும். பளிச்சென்ற வெள்ளை வெளிறிவிடும். கனகாம்பர நிறம் எடு. மெழுகுவத்தி வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தருகிற நிறம் அது. சின்னப் பெண்ணின் கவுனுக்குக் கனகாம்பரம் போட்டுவிட்டு, வளர்ந்த பெண்ணுக்கு அதே நிறத்தில் துப்பட்டா போடு. இரண்டு பேரும் ஒருத்திதான் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் யாருக்கும் அந்த நிறம் வரக் கூடாது. அதில் மட்டும் கண்டிப்பாக இரு.

பொடிக் கோடு போட்ட சட்டை வேண்டாம். நேரில் அழகாக இருக்கும், வீடியோவில் கோடெல்லாம் நெளிந்து அலை அடிக்கும். கம்பெனி பெயர் போட்ட பனியன் வேண்டாம். சாம்பல் நிறமும் வேண்டாம், ஆடினால் அக்குளில் வியர்வை வட்டமாகத் தெரியும். பருத்தியாகவே எடு.

புதுத் துணி புதுசாகத் தெரியும், அதைப் பழசாக்க வேண்டும். டீத்தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போட்டு நிழலில் காயவை. காலரையும் கை ஓரத்தையும் மெல்லிய உப்புத் தாளால் தேய். ஸ்வெட்டர், குல்லா மாதிரிப் பொருளுக்குப் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குப் போ, ஏற்கெனவே பழசானதே கிடைக்கும். நனைகிற காட்சி இருந்தால் அந்த உடை மட்டும் இரண்டு செட் வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஆளை நிறுத்தி முன்பக்கம், பின்பக்கம் போனில் போட்டோ எடுத்து வை. கை எத்தனை மடிப்பு, துப்பட்டா எந்தத் தோள், பூ எந்தப் பக்கம் என்று மறுநாள் யாருக்கும் நினைவு இருக்காது.

துப்பட்டாவும் கவுனும் நான் தைத்துத் தருகிறேன். துணி மட்டும் வாங்கிக்கொண்டு வா.

7. முந்திரித்தோப்பு

நான் சினிமாக்காரன் இல்லை. பண்ருட்டிப் பக்கம். தானே என்ற பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. ராத்திரி முழுக்கக் காற்று. காலையில் தோப்புக்குப் போனால் வெயில் தரையில் அடிக்கிறது. அந்த இடத்தில் வெயிலை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. முந்திரி எல்லாம் வேரோடு ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தாத்தா வைத்த பலா நடுவில் பிளந்து நின்றது. அப்பா அந்தப் பிளவில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் பாட்டு எடுப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். உடைந்த மரத்தையும் ஓலையையும் பரப்பி அதற்கு நடுவில் ஆடுவதை மட்டும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்கு அது சாமான் இல்லை.

புயலைக் காட்ட வேண்டும் என்றால் வீட்டுக்குள் இருந்ததைக் காட்டுங்கள். கதவுக்கு அடியில் தண்ணீர் வராமல் இருக்க பழைய புடவையை முறுக்கித் திணித்தோம். மோட்டார் ஓடாததால் அடிபம்பில் குடம் வரிசையாக நின்றது, பச்சை, சிவப்பு, ஊதா என்று. ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் ஊரே போனைச் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது. ஒவ்வொரு போனிலும் துண்டுத் தாளில் பெயர் எழுதி ரப்பர் பேண்ட் போட்டிருப்பார்கள். இவையெல்லாம் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கின்றன.

8. புலியூர் விஸ்காம்

அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள். புயல் செட் என்று எழுதும்போது அது யாருடைய தோப்பு என்று நான் யோசிக்கவில்லை. உங்கள் பதிவை எங்கள் ஐந்து பேருக்கும் படித்துக் காட்டினேன். அந்தக் காட்சியை எடுத்துவிட்டோம். முறுக்கிய புடவையையும், பெயர் கட்டிய போன்களையும், குடங்களையும் எடுத்துக்கொள்ளலாமா? குட வரிசையில் தாளத்துக்கு நல்ல இடம் இருக்கிறது. அடிபம்பு சத்தத்தையே பாட்டுக்குள் கொண்டுவரலாம் என்று பாடியவன் சொல்கிறான்.

ஆர்ட் அண்ணன் சொன்னபடி வரிகளைத் தாளில் போட்டு எழுதினோம். மஞ்சள் சுவர் ஒரு கட்டத்திலும் வரவில்லை. மாடி பதினொரு கட்டத்தில் வந்தது. வீட்டுக்குள் ஐந்து. பல்லவிக்குக் கடல் என்று எல்லோருமே எழுதியிருந்தோம், ஏனென்றால் வரியிலேயே "விடிஞ்சா கடல்" என்று வருகிறது. அதனால் பாரடைஸ் பீச் வேண்டாம், எங்கள் தேவனாம்பட்டினமே போதும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போகலாம் என்று நினைக்கிறோம்.

9. தேவனாம்பட்டினம் கரை

சாயங்காலம் வேண்டாம். நம் கடல் கிழக்கே இருக்கிறது. சாயங்காலம் வெயில் ஊர்ப் பக்கமிருந்து வரும், கடலில் சூரியன் இறங்காது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் அந்த நேரத்தில் கூட்டமும் அதிகம், பஜ்ஜிக் கடை வெளிச்சம் வேறு. விடியற்காலை வாங்க. ஜனவரி கடைசியில் ஆறரை மணி வாக்கில் கடலிலிருந்து எழும்பும். ஆறு மணிக்கே எல்லோரும் தயாராக நிற்க வேண்டும்.

கரையில் படகு வேண்டும் என்றால் முதல் நாளே வந்து யாருடைய படகு என்று கேட்டுப் பேசிவிடுங்கள். அதிகாலையில் பல படகு கடலுக்குப் போயிருக்கும், எட்டு ஒன்பது மணிக்குத் திரும்பும்போது மீன் இறக்குகிற வேலை நடக்கும். அப்போது ஸ்பீக்கர் போட்டால் யாருக்கும் பிடிக்காது. செருப்போடு வலையில் மிதிக்காதீர்கள், படகிலும் ஏறாதீர்கள். அதைக் கும்பிட்டுத்தான் நாங்கள் கடலுக்கே போகிறோம். வலை ஒன்று கையில் வேண்டும் என்றால் கிழிந்து ஒதுக்கிய வலை தருகிறேன், பணம் வேண்டாம்.

ஒத்திகைக்கு இந்த மாதமே வருவீர்கள் என்று நினைக்கிறேன். எந்த நாள் வேண்டுமானாலும் வாருங்கள், டிசம்பர் 26 மட்டும் வேண்டாம். 2004-இல் போனவர்களுக்காக அன்றைக்குக் கரையில் பால் ஊற்றுவோம்.

10. மூன்றாம் ஆண்டு

தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா வருகிறது. பலூன், ராட்டினம், கிழங்குக் கடை, நிறத்துக்குக் குறைவே இல்லை. செலவில்லாமல் பெரிய கூட்டம் கிடைக்கும். ஒரு ஷாட் எடுத்து வைக்கலாமே?

11. புலியூர் விஸ்காம்

அண்ணா, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தாளில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. அடுத்த பாட்டுக்கு வைத்துக்கொள்கிறோம்.

இப்போது ஒரு பெரிய சிக்கல். பாட்டின் உயிரே டார்ச்தான். மாடிக் காட்சியில் பிள்ளைகள் டார்ச் அடிக்கிறார்கள், சரி. பல்லவியில் வளர்ந்த பெண் தேவனாம்பட்டினத்தில் விடியலில் நிற்கிறாள். அவள் கையிலும் அதே டார்ச் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தோம். நேற்றுக் காலை போய் அடித்துப் பார்த்தோம். வெயிலில் டார்ச் எரிவதே தெரியவில்லை! கையில் ஒரு எவர்சில்வர் குழாய் வைத்திருக்கிற மாதிரிதான் இருக்கிறது. விடிகிறதுக்கு முன்னால் எடுத்தால் பல்லவிக்கு வேண்டிய வெளிச்சம் போய்விடுகிறது. இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறோம்.

12. பாடகன்

நான் எட்டடி உயரத்துக்குப் பேப்பர் கூழில் பெரிய டார்ச் ஒன்று செய்யலாம் என்று சொன்னேன். திருக்கனூரில் காகிதக் கூழ் பொம்மை செய்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம். பாப் பாட்டில் அப்படி ஒரு பொருள் கண்ணை இழுக்கும்.

13. ஆர்ட் உதவி

திருக்கனூர் வேலை அற்புதமானது, எனக்கும் அந்த மனிதர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் எட்டடி உருப்படி மார்கழி தைப் பனியில் காய நாள் பிடிக்கும். வண்டி வாடகை தனி. கடற்காற்றில் அதைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் வேண்டும். பணமெல்லாம் அதிலேயே போய்விடும். அது பெரிதாக இருக்கும் தம்பி, ஆனால் எரியாது. உங்களுக்கு வேண்டியது வெளிச்சம்.

14. தையல் அக்கா

கண்ணாடி வை கண்ணு.

என் கடைக்கு வருகிற பிள்ளைகள், அம்மா அளவு கொடுத்துக்கொண்டிருக்கும்போது, சீப்போடு மாட்டியிருக்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து வெயிலை எதிர்ச் சுவரில் அடித்து விளையாடும். ஒரு நாள் ஒரு பெண் எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்த தன் அண்ணன் முகத்திலேயே விட்டுவிட்டு விட்டுவிட்டு அடித்தாள். அவன் திரும்பிப் பார்க்கும்வரை விடவில்லை. உன் பாட்டில் வருகிற அதே மூன்று அடிதான். ராத்திரிக்கு டார்ச், பகலுக்குக் கண்ணாடி.

15. ஆர்ட் உதவி

அக்கா, இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை. இதுதான் வழி.

விடியலில் சூரியன் தாழ்வாக இருக்கும்போது கண்ணாடியைப் பிடிப்பது சுலபம். பெண் கடலைப் பார்த்து நிற்கட்டும், வெயில் அவள் முகத்தில் விழும். கேமரா அவளுக்கு எதிரில், கொஞ்சம் பக்கவாட்டில், தண்ணீர் ஓரம் இருக்கட்டும். கையைச் சற்றே திருப்பினால் வெளிச்சம் லென்ஸில் பளீரென்று அடித்துவிட்டுப் போகும். ஒவ்வொரு அடியும் அரை விநாடிக்கு மேல் வேண்டாம், லென்ஸையே நோக்கிப் பிடித்து வைத்திருக்கவும் வேண்டாம். ஆள் கண்ணில் அடிக்கக் கூடாது. மூன்று அடியும் தாளத்தோடு விழுந்தால் எடிட்டிங்கில் அங்கேயே வெட்டி மாடிக்குப் போகலாம், அங்கே அந்தக் குழந்தையின் டார்ச் அடிக்கும்.

அந்தக் கண்ணாடி வீட்டிலேயே முதலில் தெரிய வேண்டும். டப்பா டி.வி. பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கட்டும். பிளாஸ்டிக் சட்டம், பச்சையோ ரோஸோ, ஓரத்தில் பழைய ஸ்டிக்கர் பொட்டு இரண்டு ஒட்டியிருக்கட்டும். பத்து விநாடிக் காட்சியில் ஒரு முறை கேமரா அதைக் கடந்து போனால் போதும், கடற்கரையில் அவள் எடுக்கும்போது பார்ப்பவருக்கு அது தெரிந்த கண்ணாடியாக இருக்கும்.

16. பாடகன்

டார்ச் பேச்சை விட்டுவிட்டேன். அக்காவுக்கு நன்றி.

ஒரு யோசனை. பல்லவியில் துப்பட்டா காற்றில் மெதுவாகப் பறக்க, உதடு மட்டும் பாட்டோடு சரியாக அசைய வேண்டும் என்றால், பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போட்டு, விநாடிக்கு 50 பிரேமில் எடுத்து, 25-இல் ஓடவிட வேண்டும். அந்த வேகத்துக்கு வாயசைக்க நடிக்கிற தோழி இன்றைக்கே பழகத் தொடங்கிவிட்டாள்.

17. புலியூர் விஸ்காம்

இன்று காலை சோதனை எடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். கைகூட இன்னும் உப்பாக இருக்கிறது.

தோழி கடலைப் பார்த்து நின்றாள். கண்ணாடி எங்கள் பாட்டி வீட்டு ஆணியில் இருந்தது, ரோஸ் சட்டம், மேல் மூலையில் ரசம் போய்விட்டது. முதலில் நாலைந்து முறை வெளிச்சம் எங்கேயோ மணலில் விழுந்தது. அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இடது கையை முன்னால் நீட்டி, வெளிச்சத்தை முதலில் தன் விரல் நுனியில் விழ வைத்து, அந்த விரலுக்கு நேராக கேமராவைப் பார்த்து, கையை எடுக்கிறாள். வெளிச்சம் நேராக வந்து அடிக்கிறது. அந்த விரல் நீட்டுவதே ஒரு அசைவாக அழகாக இருக்கிறது, நடனத்தில் சேர்த்துவிட்டோம். ரசம் போன மூலையால் வெளிச்சத்தில் ஒரு பக்கம் கடித்த மாதிரி வருகிறது. புதுக் கண்ணாடி வாங்க மாட்டோம்.

முடிவானது இதுதான். முதல் நாள் விடியலில் தேவனாம்பட்டினம், பல்லவி முழுவதும். பகலில் பாட்டி வீட்டுக்குள் கதவடிப் புடவை, காலண்டர், போன்கள், டி.வி. மாலையில் புலியூரில் எதிரெதிர் இரண்டு மாடி, நீல வெளிச்சத்தில் பிள்ளைகள். இரண்டாம் நாள் காலை அடிபம்பு, குடங்கள், எல்லோரும் ஆடுவது அங்கேதான். அன்று மாலை அதே மாடியில் வளர்ந்த பெண் தனியாக. சுற்றியுள்ள ஏழு வீட்டில் கேட்டோம், ஆறு வீட்டில் சரி என்றார்கள். ஏழாவது வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பையன் இருக்கிறான், அதனால் அந்தப் பக்கம் கேமரா திரும்பாது. கடற்கரைக்கும் தெருவுக்கும் கல்லூரிக் கடிதத்தோடு நாளைக்கு மாநகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் போகிறோம்.

லெதர் ஜாக்கெட் இல்லை. அக்கா, கனகாம்பரத் துணி இரண்டு கடையில் பார்த்தேன், ஒன்று பவளம் பக்கம் போகிறது, ஒன்று ஆரஞ்சு. இரண்டிலும் துண்டு வெட்டி வாங்கி மெழுகுவத்தி முன்னால் போனில் எடுத்திருக்கிறேன், நாளை கடைக்குக் கொண்டுவருகிறேன். நீங்களே சொல்லுங்கள்.

ஒரே ஒரு பொருள் கிடைக்கவில்லை. பாட்டி வீட்டில் எரிந்த அரிக்கேன் விளக்கு. கடையில் கிடைப்பதெல்லாம் அலங்காரத்துக்குச் செய்தது, பெயிண்ட் பளபளக்கிறது.

18. தையல் அக்கா

ஆரஞ்சு பக்கம் போவதைக் கொண்டு வா. பவளம் இருட்டில் சிவந்துவிடும். ஆனால் இரண்டையும் எடுத்து வா, பார்த்துவிடலாம்.

19. முந்திரித்தோப்பு

அரிக்கேன் எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த மாதம் முழுக்க எரிந்தது அதுதான். தகரத்தில் கைபட்டுத் தேய்ந்திருக்கும், கம்பிப் பிடியில் அம்மா துணி சுற்றி வைத்திருக்கிறார். சிம்னிக் கண்ணாடி பழையது, ஒரு கீறல் இருக்கிறது, சூடு தாங்குமா என்று தெரியவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். என்ன பாட்டு என்று கேட்டார், சொன்னேன். கொடு என்றார். குழந்தைகள் பக்கத்தில் நிற்பார்களானால் மண்ணெண்ணெய் ஊற்றாமல் உள்ளே பல்பு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

20. ஆர்ட் உதவி

அப்பா சொல்வதுதான் சரி. திரி இருக்கிற இடத்தில் பேட்டரியில் எரிகிற சின்ன மஞ்சள் எல்.இ.டி. வைத்து, சிம்னியின் உள்பக்கம் கொஞ்சம் கரி பூசிவிடுங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நிஜ மெழுகுவத்தி ஏற்றுகிற இடத்திலும் நைட்டித் துணியைத் தள்ளி வைத்து, ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

21. புலியூர் விஸ்காம்

அண்ணே, சனிக்கிழமை காலை பண்ருட்டி பஸ்ஸில் நானும் தோழியும் வருகிறோம். சிம்னியைச் சுற்றி எடுத்துவர இரண்டு பெரிய துண்டும், வைக்கோல் போட்ட அட்டைப் பெட்டியும் கொண்டுவருகிறோம். கரி பூசுவதற்கு முன்னால் அப்பாவிடம் கேட்டுவிடுவோம். பிடியில் சுற்றியிருக்கும் துணியை அவிழ்க்கமாட்டோம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.